சோல்பரி பிரபுவும் மலையகத்தின் வாக்குச்சீட்டும்

இலங்கைப் பாடசாலையில் வரலாறு படித்த எவருக்கும் சோல்பரி என்ற பெயர் பரிச்சயமானது. ஓர் ஆணைக்குழு, ஓர் அரசியல் யாப்பு, அந்த யாப்பில் சிறுபான்மையினருக்கென்று எழுதிவைத்த 29ஆம் பிரிவு என்ற அளவோடு பாடம் முடிந்துவிடும். அந்தப் பெயரைத் தாங்கிய மனிதர் யார், எதை நம்பினார், பின்னாளில் எதற்காக வருந்தினார் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. தமிழ் அரசியல் எழுத்தில் அவருக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆசனங்களில் பாதி சிறுபான்மையினருக்கு வேண்டும் என்ற ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையைத் தள்ளிவிட்டு, பெரும்பான்மையினர் கையில் நாட்டைக் கொடுத்துப் போன வெள்ளைக்காரர் என்பது ஒரு முகம். நல்ல யாப்பொன்றைத் தந்தார், பின்வந்தவர்கள் அதைக் கெடுத்தார்கள் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கண்டிச் சீமையின் தோட்டத்து மக்களுக்கு நடந்ததை இந்த இரண்டில் எதுவும் விளக்கவில்லை. என் வாதம் இது: சோல்பரி நேர்மையானவர், கெட்ட நோக்கம் இல்லாதவர். அவருடைய பிழை ஒன்றுதான், அது பெரும்பிழை. ஒரு நாட்டில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு எழுதியவர், அந்த நாட்டவர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பாதுகாப்புக்கு வெளியே விட்டுவிட்டார்.

இந்தக் கேள்வியைக் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்ப்பது வேறு, கட்டுகஸ்தோட்டையிலிருந்து பார்ப்பது வேறு. கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி வளைந்து ஓடும் இடத்தில், யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி ஆற்றைக் கடப்பது இங்கேதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் கண்டிப் பக்கம் வந்து சேர்ந்த வழியும் இதுவே. ஒரு பக்கம் ஹாரிஸ்பத்துவவின் கண்டியச் சிங்களக் கிராமங்கள். இன்னொரு பக்கம் வத்தேகமை, பன்வில, மடுல்கலை என்று ஏறிப்போகும் தோட்டங்கள். வீதி வழியே போனால் அக்குறணை முஸ்லிம்கள். சோல்பரி ஆணைக்குழு தீர்க்க முயன்ற சிக்கலின் எல்லாத் தரப்பும் இந்த ஆற்றங்கரையிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் கேள்வி எத்தனை ஆசனம், எவ்வளவு அதிகாரம் என்பது. இங்கே கேள்வி அதற்கும் அடியில் இருந்தது: வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்குமா, இல்லையா?

சோல்பரி என்பது பிறப்பில் வந்த பெயரல்ல, பட்டம். ஹேர்வால்ட் ராம்ஸ்பொதம் என்பதே அவர் பெயர். 1887 மார்ச் 6ஆம் திகதி பிறந்தார். அப்பிங்கம் பாடசாலையிலும் ஒக்ஸ்போர்டின் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் படித்து, வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். முதலாம் உலகப் போர் வந்தபோது அவருடைய தலைமுறையைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான படித்த இளைஞர்களைப் போலவே இராணுவ அதிகாரியானார். போர்க்களத் துணிவுக்காக வழங்கப்படும் மிலிட்டரி குரோஸ் பதக்கமும், ஓ.பீ.ஈ. விருதும் பெற்றுத் திரும்பினார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பிரித்தானியப் பாராளுமன்றம் இப்படிப்பட்டவர்களால் நிரம்பியிருந்தது. முன்னாள் கப்டன்களும் மேஜர்களும் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு ஒரு பொது இயல்பு உண்டு. கொடுத்த வாக்கையும் கடமையையும் பெரிதாக மதிப்பார்கள். எதிரில் இருப்பவரும் அப்படியே மதிப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த இயல்பைக் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் இலங்கையில் நடந்ததை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

1929 பொதுத் தேர்தலில் லங்காஸ்டர் தொகுதியில் கொன்சவேடிவ் கட்சியின் சார்பில் வென்று அவர் பாராளுமன்றம் போனார். அந்தத் தேர்தலுக்கு ஒரு சிறப்பு உண்டு. பிரித்தானியப் பெண்கள் ஆண்களைப் போலவே 21 வயதில் வாக்களித்த முதல் பொதுத் தேர்தல் அது. இரண்டே ஆண்டுகளில், 1931இல், டொனமூர் யாப்பின் கீழ் இலங்கையிலும் 21 வயதான ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். சர்வசன வாக்குரிமை என்பது பிரித்தானியாவுக்கே புதிதாக இருந்த காலத்தில் இங்கே வந்துவிட்டது. ஆனால் வந்தபோதே தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் ஒரு சல்லடையோடு வந்தது. இந்திய வம்சாவளியினர் இந்நாட்டில் நிலையாகக் குடியிருப்பதை நிரூபிக்க வேண்டும், அல்லது ஐந்தாண்டு வசிப்பைக் காட்டி நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற வேண்டும் என்று தேசாதிபதி ஹேர்பேர்ட் ஸ்டான்லி காலத்தில் நிபந்தனை சேர்க்கப்பட்டது. சல்லடையைத் தாண்டியும் 1939 அளவில் சுமார் 2,25,000 இந்திய வம்சாவளியினர் வாக்காளர் இடாப்பில் இருந்தார்கள்.

ராம்ஸ்பொதமின் பிரித்தானிய அரசியல் வாழ்வு பெரிய வெளிச்சம் பெற்றதல்ல. கல்விச் சபையிலும் விவசாய அமைச்சிலும் பாராளுமன்றச் செயலாளர், 1936 முதல் 1939 வரை ஓய்வூதிய மந்திரி, அதன்பின் பொதுக் கட்டடங்களுக்குப் பொறுப்பானவர், 1940இல் கல்விச் சபைத் தலைவர் என்று படிப்படியாக ஏறினார். ஓய்வூதிய மந்திரியாக அவர் கவனித்தது போரில் உறுப்பிழந்தவர்களையும் கணவனை இழந்த பெண்களையும். கல்விப் பொறுப்பில் இருந்தபோது, போருக்குப் பிந்திய கல்வி எப்படி அமைய வேண்டும் என்ற வரைவு அவருடைய திணைக்களத்தில்தான் தயாராகி 1941இல் சுற்றுக்கு விடப்பட்டது. 1944ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கல்விச் சட்டத்துக்கு வழிவகுத்த அந்த வரைவின் பெருமை அவருக்குப் பின்வந்த ஆர். ஏ. பட்லருக்குப் போய்ச் சேர்ந்தது. 1941இல் ராம்ஸ்பொதம் மந்திரிப் பதவியை இழந்து பிரபுக்கள் சபைக்கு அனுப்பப்பட்டார். சோல்பரி என்ற பட்டம் வந்தது அப்போதுதான். வறியவர்களுக்கு அரச உதவி வழங்கும் சபையின் தலைமையும் அவரிடம் கொடுக்கப்பட்டது. நிதானமான நிர்வாகி, எளியவர் துயரத்தை அலுவலகக் கோப்புகளினூடே அறிந்தவர், மேடை அதிர்வு இல்லாதவர் என்று அவரை மதிப்பிடலாம்.

இந்த மனிதரைத்தான் 1944இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். கூட வந்தவர் இருவர்: கார்டிஃப் பல்கலைக்கழகக் கல்லூரி முதல்வரும் பொருளாதார வரலாற்றாசிரியருமான பிரெடரிக் ரீஸ், ரயில்வேத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்து, பின்னர் வங்காளத்தின் கடைசி வெள்ளைக்காரத் தேசாதிபதியான பிரெடரிக் பரோஸ். டிசம்பரில் வந்து ஏப்ரலில் திரும்பினார்கள். தாங்கள் ஏற்கெனவே தயாரித்திருந்த யாப்பு வரைவை மட்டும் ஆராயாமல் சிறுபான்மையினரின் குரலையும் கேட்க ஆணைக்குழு வருகிறது என்பதற்காக, டி. எஸ். சேனாநாயக்க தலைமையிலான மந்திரிகள் சபை அதன் முன் சாட்சியம் அளிக்கவில்லை. ஆனால் சேனாநாயக்கவும் ஒலிவர் குணதிலகவும் தனிப்பட்ட முறையில் ஆணைக்குழுவினரோடு நெருங்கிப் பழகினார்கள். பொன்னம்பலம் ஆணைக்குழுவின் முன் நின்று வாதாடினார். சேனாநாயக்க விருந்தோம்பி, நாட்டைச் சுற்றிக்காட்டி, நம்பிக்கையைச் சம்பாதித்தார். முடிவில் ஆணைக்குழு பரிந்துரைத்த யாப்பின் பெரும்பகுதி, சட்ட அறிஞர் ஐவர் ஜெனிங்ஸின் ஆலோசனையோடு மந்திரிகள் எழுதிய அந்த வரைவாகவே இருந்தது.

அந்த யாப்பில் சிறுபான்மையினருக்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று தொகுதிப் பிரிப்பு. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு மாகாணத்தின் பரப்பில் ஒவ்வோர் ஆயிரம் சதுரமைலுக்கும் இன்னோர் ஆசனம் என்ற கணக்கில் 95 ஆசனங்கள். மக்கள் ஐதான வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு இதனால் கூடுதல் இடம் கிடைக்கும் என்பது எண்ணம். மற்றது 29ஆம் பிரிவு. எந்த மதத்தின் சுதந்திரத்தையும் பாராளுமன்றம் தடுக்கக் கூடாது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமான, மற்றவர்களுக்கு இல்லாத நிபந்தனை எதையும் சட்டமாக்கக் கூடாது, சலுகையும் கொடுக்கக் கூடாது. மீறி இயற்றினால் அந்தச் சட்டம் செல்லாது. படிக்கும்போது கல்லில் செதுக்கியதுபோல இருக்கும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு இடம் உண்டு. வாக்குரிமை இருந்தபடியே தொடரலாம் என்று சொல்லிவிட்டு, வாக்குரிமை பற்றியும் நாட்டுக்குள் வருவோரைக் கட்டுப்படுத்துவது பற்றியும் சட்டம் இயற்றும் அதிகாரம் இலங்கைப் பாராளுமன்றத்துக்கே உரியது, அவற்றை லண்டனின் அனுமதிக்காக ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்று ஆணைக்குழு பரிந்துரைத்தது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையில் மலையகத்தின் தலைவிதி எழுதப்பட்ட இடம் இதுதான்.

அந்த இடத்தின் பொருளை உடனே புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். 1945 நவம்பரில் அரசாங்க சபையில் ஆணைக்குழுவின் பரிந்துரைகளையொட்டிய பிரித்தானிய அரசின் வெள்ளையறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது 51 பேர் ஆதரித்தார்கள், மூவர் மட்டும் எதிர்த்தார்கள். ஒருவர் டபிள்யூ. தகநாயக்க. மற்ற இருவர் அட்டன் உறுப்பினர் கோ. நடேசையரும், இந்தியரின் நியமன உறுப்பினர் ஐ. எக்ஸ். பெரைராவும். சபையிலிருந்த இலங்கைத் தமிழ் உறுப்பினர்கள்கூட ஆதரித்து வாக்களித்த வேளையில், தோட்டத்து மக்களின் பேரால் பேசியவர்கள் இருவரும் எதிரே நின்றார்கள். வரலாற்று நூல்கள் 51 என்ற எண்ணைத்தான் பெரிதாகப் போடுகின்றன. என் கணக்கில் அந்த இருவருடைய வாக்குக்குத்தான் எடை கூட. வரப்போவதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

வந்தது தாமதிக்கவில்லை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று தோட்டத்து மக்களின் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95இல் 42 இடங்கள்தான். 1948 பெப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும். லயக் காம்பராவில் பிறந்தவர்களின் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் பிறப்புப் பத்திரத்தை எங்கே தேடுவது? 1949இல் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு குறுகிய வாசலைத் திறந்தது: மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது வசித்ததைக் காட்டி, இரண்டே ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொடர்ந்து, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்ற தேர்தல் திருத்தச் சட்டம். 1946 கணக்கெடுப்பின்படி இந்தியத் தமிழர் 7,80,600 பேர், நாட்டின் சனத்தொகையில் 11.7 வீதம். 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை.

1949ஆம் ஆண்டின் இந்தச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த காலத்தில் கொழும்பு இராணி மாளிகையில் மகாதேசாதிபதியாக இருந்தவர் யார்? சோல்பரி பிரபுவேதான். 1949 ஜூலை 6ஆம் திகதி, சேனாநாயக்க அரசின் விருப்பப்படி அவர் அந்தப் பதவியை ஏற்றார். அடுத்த மாதம், ஆகஸ்ட் 5ஆம் திகதி, இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் அமலுக்கு வந்தது. வாக்கைப் பறித்த தேர்தல் திருத்தம் அவர் பதவியில் இருந்தபோது சட்டமானது. தான் பரிந்துரைத்த 29ஆம் பிரிவின் கண்முன்னே ஒரு சமூகத்தின் வாக்கு போனதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை ஒரு யாப்பாசிரியருக்கு வாய்ப்பது அபூர்வம்.

அவரால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாதேசாதிபதி மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர். ஒப்பமிட மறுத்திருந்தால், புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் மக்கள் பிரதிநிதிகளைத் தடுத்தார் என்ற பழிதான் மிஞ்சியிருக்கும். 1949இல் அவர் ஒப்பமிட்டதற்காக நான் அவரைக் குறைசொல்லவில்லை. அந்த ஆண்டில் பொறுப்புக்கூற வேண்டியவர்கள் வேறு பலர். பொன்னம்பலம் 1948 செப்டெம்பரில் மந்திரிசபையில் சேர்ந்து, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். அதனோடு முரண்பட்டுப் பிரிந்த செல்வநாயகம் அதே ஆண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத்தின் வாக்கு பறிபோனதில் தமிழ்த் தலைமைக்கும் பங்கு உண்டு. அதை மறைத்து எழுதும் வரலாறு முழுமையாகாது. சோல்பரியின் பொறுப்பு 1949க்குரியதல்ல, 1945க்குரியது.

1945இல் பிரஜாவுரிமை என்ற ஒன்றே சட்டத்தில் இல்லையே, இலங்கையர் எல்லாரும் பிரித்தானிய முடியின் குடிகள்தானே, இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பாதுகாப்பு எழுதுவது என்பது அடுத்த எதிர்வாதம். இதுவும் கனமானது. ஆனால் வாக்காளர் இடாப்பு இருந்தது. இடாப்பில் ஏற்கெனவே உள்ளவரையும் அவர் பிள்ளைகளையும் நீக்கும் சட்டம் 29ஆம் பிரிவுக்கு உட்பட்டது என்று ஒரு வரி எழுத பிரஜாவுரிமைச் சட்டம் தேவையில்லை. ஆபத்தை அறியவில்லை என்றும் சொல்ல முடியாது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலைநீக்கும் நடவடிக்கை தொடங்கியது. அதற்காகவே ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அந்த வருகையில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. இந்தியா பதிலுக்குத் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தது. 1940இல் டில்லியில் நடந்த இரு நாட்டுப் பேச்சு முறிந்தது. இவையெல்லாம் ஆணைக்குழு வருமுன் நடந்தவை. தோட்டத்து மக்களின் நிலை பற்றி அதன் முன் வாதங்களும் வைக்கப்பட்டன. தெரிந்திருந்தும் இலங்கையின் தலைவர்கள் நியாயமாக நடப்பார்கள் என்று அது நம்பியது. எழுதப்பட்ட யாப்பே இல்லாத நாட்டிலிருந்து, பாராளுமன்றமே இறுதி அதிகாரம், மரபும் கண்ணியமும் அதற்குக் காவல் என்ற பாடத்தில் வளர்ந்த ஒரு முன்னாள் இராணுவ அதிகாரிக்கு அந்த நம்பிக்கை இயல்பாகவே வந்தது. ஒரே மொழி, நீண்டகால மரபு, மாறிமாறி ஆட்சிக்கு வரும் கட்சிகள் உள்ள இடத்தில் அது பலிக்கும். எண்ணிக்கையால் என்றைக்கும் சிறுபான்மையாகவே இருக்கப்போகிற ஒரு மக்களுக்கு, பெரும்பான்மையின் கண்ணியம் மட்டும் எப்படிக் காவலாகும்?

கண்டியச் சிங்களவரின் தரப்பையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய அச்சம் கற்பனையானதல்ல. 1815இல் கண்டி இராச்சியம் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தரிசுநிலச் சட்டங்களின் பேரில் மேய்ச்சல் நிலமும் சேனைக் காடும் தோட்டங்களாக மாறின. கிராமங்கள் தேயிலைக்கு நடுவே நெருக்குண்டன. கண்டியத் தேசியப் பேரவை டொனமூர் ஆணைக்குழுவின் முன்னே சமஷ்டி கேட்டதும் அந்த இழப்பின் வலியால்தான். 1949இல் கண்டிய விவசாயிகள் நிலைபற்றி ஆராயத் தனி ஆணைக்குழுவே அமைக்கப்பட்டது. ஆனால் அந்த நிலத்தை எடுத்தது யார்? கம்பனிகளும் துரைமாரும், அவர்களுக்குச் சட்டம் எழுதிய குடியேற்ற அரசும். தேயிலைக் கூடையைச் சுமந்தவள் ஒரு பேர்ச் நிலத்துக்கும் சொந்தக்காரியல்ல. அவளுடைய வாக்கைப் பறித்ததால் ஒரு கண்டியக் குடியானவனுக்கும் ஓர் ஏக்கர் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. ஆசனங்களைப் பங்கிடும்போது மாகாணத்தின் மொத்தத் தலைகளையும் எண்ணினார்கள், பிரஜைகளை மட்டும் எண்ணவில்லை. தோட்டத்து மக்களின் தலைக்குக் கண்டிச் சீமையில் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன, அவர்களுக்கு வாக்கில்லாததால் அந்த ஆசனங்களை அடுத்த கிராமத்து வாக்காளர் நிரப்பினார்கள். சிறுபான்மையினருக்கு உதவவென்று சோல்பரி பரிந்துரைத்த கணக்கு, சட்டம் மாறியதும் தலைகீழாக வேலை செய்தது.

29ஆம் பிரிவு இதைத் தடுக்கவில்லையா என்று நீதிமன்றத்திலும் கேட்டுப் பார்த்தார்கள். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் எழுந்த கோடாக்கன்பிள்ளை வழக்கில், இடாப்பை மீளாய்ந்த அதிகாரி சட்டங்கள் செல்லா என்று துணிந்து முடிவுசெய்தார். உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. 1953இல் லண்டன் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான, நியாயமான பணி; சட்டத்தின் சொற்கள் எந்தச் சமூகத்தையும் பெயர்சொல்லிக் குறிக்கவில்லை என்பது அவர்கள் நியாயம். சட்டத்தின் விளைவை எவரும் அறிவர், ஆனால் சொல்லில் குற்றமில்லை. 1945 அறிக்கை பாராளுமன்றத்திடம் விட்டுவைத்த அதிகாரம் எட்டு ஆண்டில் அந்தத் தீர்ப்பாகத் திரும்பி வந்தது.

சோல்பரியின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் மற்றவை விரைவாகச் சொல்லத் தக்கவை. 1952 மார்ச் 22இல் டி. எஸ். சேனாநாயக்க இறந்த நான்காம் நாளில், மூத்தவரான சேர் ஜோன் கொத்தலாவலையை விட்டு, மகன் டட்லியைப் பிரதமராக்கினார். 1954 ஏப்ரலில் எலிசபெத் மகாராணி வந்தபோது அவரே பதவியில் இருந்தார். கண்டியில் மகாராணிக்காகப் பெரஹெர எடுத்தார்கள். அந்த ஜூலையில் பதவி விலகி, ஒலிவர் குணதிலகவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அதே ஆண்டில் அவருடைய பட்டம் விஸ்கவுண்ட் என்று உயர்ந்தது, மனைவி டோரிஸ் காலமானார்.

அவர் குடும்பத்தின் கதையில் எந்த ஆணைக்குழுவும் எதிர்பார்த்திராத ஒரு திருப்பம் உண்டு. மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொதம் யாழ்ப்பாணம் போய் யோகசுவாமிகளின் சீடரானார். சந்தசுவாமிகள் என்று சைவ உலகம் அவரை அறியும். மட்டக்களப்பு, செங்கலடிச் சிவதொண்டன் நிலையத்தோடு அவர் பெயர் இன்றும் சேர்ந்தே நிற்கிறது. இளைய மகன் பீற்றர் ராம்ஸ்பொதம் வாஷிங்டனில் பிரித்தானியத் தூதரானார். தகப்பன் பரிந்துரைத்த யாப்பின் பாதுகாப்பில் நம்பிக்கை இழந்த ஒரு மக்களிடையே, அவர்கள் கும்பிடும் குருவின் காலடியில், மகன் வாழ்ந்தார். இந்தக் கதையை நம்மவர் நெகிழ்ச்சியோடு சொல்வார்கள், அந்த நெகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் இதிலிருந்து நான் எடுப்பது வேறு. ராம்ஸ்பொதம் குடும்பத்திடம் தமிழர்மீதான நல்லெண்ணத்துக்குக் குறைவே இருக்கவில்லை. நல்லெண்ணம் நிறைய இருந்தும் பத்து லட்சத்தை நெருங்கிய ஒரு மக்கள் கூட்டம் நாடற்றதாகிப் போனது.

இதைத் தகப்பனும் ஒருவாறு உணர்ந்தார். கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி. எச். ஃபார்மர் 1963இல் வெளியிட்ட, பிளவுபட்ட நாடாக இலங்கையைப் பற்றிய நூலுக்கு சோல்பரி முன்னுரை எழுதினார். இந்தியா, பாகிஸ்தான், மலாயா, நைஜீரியா போன்ற நாடுகளின் யாப்புகளில் உள்ளதுபோல அடிப்படை உரிமைகளுக்கு உறுதியான உத்தரவாதத்தைத் தம் ஆணைக்குழு பரிந்துரைக்காமல் போனது வருந்தத்தக்கது என்று அதில் ஒப்புக்கொண்டார். 76 வயதில், கேட்பாரில்லாதபோது, தம் பெயரால் வழங்கும் யாப்பில் குறையுண்டு என்று அச்சில் எழுத ஓர் அரசியல்வாதிக்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் அவருடைய வருத்தம் பாதி வழிதான் வந்தது என்பேன். உரிமைப் பட்டியல் இருந்திருந்தால் 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்க்க அது உதவியிருக்கலாம். 1948ஐ அது மட்டும் தடுத்திராது. பல உரிமைகள் பிரஜைக்கே உரியவை. பிரஜையே இல்லை என்று ஆனவர் எந்தப் பட்டியலைக் காட்டி வழக்காடுவார்? இந்திய யாப்பிலிருந்து அவர் எடுத்துக்காட்டியிருக்க வேண்டியது உரிமைகளின் அத்தியாயத்துக்கு முந்திய அத்தியாயம். அங்கே 5ஆம் உறுப்பு, இந்தியாவில் நிலையாகக் குடியிருப்பவர் அங்கே பிறந்திருந்தாலோ, பெற்றோரில் ஒருவர் பிறந்திருந்தாலோ, ஐந்தாண்டு வசித்திருந்தாலோ அவர் பிரஜை என்று யாப்பிலேயே சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1949 நவம்பர் 26. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு தன் மக்கள் யாரென்று வாசலை அகலத் திறந்து எழுதிய அதே ஆண்டில், இந்தப் பக்கம் அதை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

காகிதத்தில் எழுதிவைத்து என்ன பயன், ஆட்சியாளர் நினைத்தால் யாப்பையே மாற்றிவிடுவார்களே என்று சொல்பவர்களும் உண்டு. 1972 மே 22ஆம் திகதி குடியரசு யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவு இல்லாமலே போனது அவர்களுக்குச் சாட்சி. ஆனால் எழுத்தில் இருந்த வரையில் அது முற்றிலும் சாகவில்லை. தனிச்சிங்களச் சட்டமான அரச கரும மொழிச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட அரச ஊழியர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் 29ஆம் பிரிவைக் காட்டித்தான் அந்தச் சட்டம் செல்லாது என்றார். மேல்முறையீட்டில் வேறு காரணத்தால் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை; 1969இல் கோமறைக் கழகம் யாப்புக் கேள்வியை முடிவுசெய்யாமலே வழக்கைத் திருப்பி அனுப்பியது. அப்படியிருந்தும், ஒரு குமாஸ்தா அரசாங்கத்தை எதிர்த்து நின்று முதல் சுற்றில் வெல்ல அந்த எழுத்து கைகொடுத்தது. எழுத்து போதாது என்பது உண்மை. எழுத்தே இல்லாத இடத்தில் கோடீஸ்வரனுக்கு நீதிமன்றத்தின் படியேறவும் வழி இருந்திராது.

சோல்பரி 1971 ஜனவரி 30ஆம் திகதி காலமானார். அவர் முன்னுரை எழுதிய மறு ஆண்டில், 1964 ஒக்டோபர் 30இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 நாடற்றவர்களைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேருக்குப் பிறகு பார்ப்போம். அந்த மிகுதி 1974இல் சரிபாதியாக்கப்பட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் வழியே பாட்டன் நடந்து வந்த குடும்பங்கள் பல, பேரன் காலத்தில் தலைமன்னாருக்கு ரயிலேறின. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைக் கேள்வியைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. அறிக்கை வெளியான நாளிலிருந்து 58 ஆண்டுகள் கழித்து அது வந்தது.